வீட்டு ஆர்ஓ மெஷின்ல நல்ல தண்ணி அதிகமா, வேஸ்ட் கம்மியா வர என்ன பண்ணணும்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைன்னு எந்தப் பக்கம் போனாலும் இப்ப வீட்டுக்கு வீடு ஆர்ஓ மாட்டிட்டாங்க. மாட்டி கொஞ்ச நாள்லயே "தண்ணி சொட்டு சொட்டாதான் வருது", "ஒரு குடம் புடிக்கறதுக்குள்ள நாலு குடம் வீணாப்போகுது"ன்னு ஆரம்பிச்சிடுது. சொந்தக்காரங்களும் தெருக்காரங்களும் திரும்பத் திரும்ப கேக்கறதையெல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சா எல்லாருக்கும் ஆகும்னுதான் இது. நம்ம ரெண்டு மாவட்டத்து போர் தண்ணிய மனசுல வெச்சு எழுதினது, சென்னைக்காரங்களுக்கு சில விஷயம் பொருந்தாது.

மெஷின் ஒழுங்கா ஓடுதா இல்லையான்னு நானே எப்படி பாக்கறது?

ஒரு லிட்டர் பாட்டில், ஒரு பக்கெட், போன்ல இருக்கற ஸ்டாப்வாட்ச், தண்ணியில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற ஒரு டிடிஎஸ் மீட்டர். இது போதும். மெஷின் டேங்க்ல இருக்கற தண்ணிய முழுசா குடத்துல புடிச்சிடுங்க, குழாய மூடாதீங்க, அப்படியே தொறந்து விடுங்க. இப்ப மெம்ப்ரேன்ல (உப்பப் பிரிக்கற சவ்வு) இருந்து டேங்க்குக்குள்ள என்ன விழுதோ அதுதான் குழாயில வரும். ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும், ஓட்டம் ஒரு நிலைக்கு வந்தப்புறம் குழாய்க்கு கீழ பாட்டில வைங்க, அதே நேரத்துல வேஸ்ட் ட்யூப பக்கெட்டுக்குள்ள போடுங்க. பாட்டில்ல ஒரு லிட்டர் ரொம்பினதும் ட்யூப வெளிய எடுத்துட்டு பக்கெட்ல எத்தனை லிட்டர் சேந்திருக்குன்னு அளந்து பாருங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு லிட்டர் ரொம்ப 5 நிமிஷம் ஆச்சு, பக்கெட்ல ரெண்டே கால் லிட்டர் இருக்குன்னு வைங்க. அப்ப மணிக்கு 12 லிட்டர் நல்ல தண்ணி, உள்ள போன மூணே கால் லிட்டர்ல ஒரு லிட்டர் உருப்படியா வந்திருக்கு, அதாவது 31 சதவீதம். 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு எத்தனை கேலன் தண்ணி தரும்ங்கற அளவு) மெம்ப்ரேனுக்கு இது நல்ல கணக்குதான், கவலையே வேணாம். ஒரு லிட்டருக்கு 10 நிமிஷம் ஆகி பக்கெட்ல அஞ்சு லிட்டர் கெடக்குதுன்னா ஏதோ கோளாறு.

அப்புறம் மீட்டர வெச்சு மூணு தண்ணியையும் பாருங்க: உள்ள போற தண்ணி, நல்ல தண்ணி, வேஸ்ட் தண்ணி. வேஸ்ட்ட யாரும் பாக்கறதில்ல, ஆனா நெறைய விஷயம் சொல்றது அதுதான். உள்ள போறது 1000 இருந்து, 30 சதவீதம் நல்ல தண்ணியா வருதுன்னா, வேஸ்ட் 1400 பக்கத்துல காட்டணும், ஏன்னா உப்பு பூரா மிச்ச தண்ணியில வந்து சேருது. வேஸ்ட்டும் 1020, 1050னு காட்டுச்சுன்னா மெம்ப்ரேன் உப்பப் பிரிக்கவே இல்ல, இல்லன்னா தண்ணி மெம்ப்ரேனத் தொட்டும் தொடாம வழிஞ்சு ஓடுது.

இந்த நாலஞ்சு நம்பரையும் தேதி போட்டு மெஷின் பக்கவாட்டுல ஒரு பேப்பர்ல ஒட்டி வைங்க. புது மெம்ப்ரேன் போட்ட வாரத்துல எடுத்த நம்பர் இருந்தாதான் பின்னாடி எவ்ளோ கொறஞ்சுதுன்னு தெரியும்.

பெட்டி மேல மணிக்கு 15 லிட்டர்னு போட்டிருக்கு, எங்க வீட்டுல 8 கூட வர்ல. ஏமாத்திட்டாங்களா?

முழுக்க ஏமாத்துன்னு சொல்ல முடியாது. 75 ஜிபிடின்னா ஒரு நாளைக்கு 75 அமெரிக்கன் கேலன், அதாவது சுமார் 284 லிட்டர், மணிக்குப் பாத்தா 12 லிட்டர்கூட முழுசா இல்ல. அதுவும் 25 டிகிரி சூட்டுல, 60 பிஎஸ்ஐ அழுத்தத்துல, உப்பு கம்மியா இருக்கற தண்ணியில சோதிச்ச கணக்கு. நம்ம போர் தண்ணி அப்படியா இருக்கு?

மெம்ப்ரேனுக்கு உள்ள என்ன நடக்குதுன்னா, தண்ணியில இருக்கற உப்பு பம்ப்போட அழுத்தத்துக்கு எதிரா பின்னாடி தள்ளும். ஏறக்குறைய 1000 டிடிஎஸ்க்கு 10 பிஎஸ்ஐ அந்தத் தள்ளுலயே போயிடும். உங்க போர்ல 1500 இருந்தா, மெம்ப்ரேன் நெடுக அது இன்னும் கெட்டியாகிட்டே போகும்ல, சுமாரா 20 பிஎஸ்ஐ போச்சு. பம்ப் 70 குடுத்தாலும் வேலைக்கு ஆகறது 50தான். அதனால பர்கூர் பக்கம் ஆயிரத்து ஐநூறு டிடிஎஸ் தண்ணி ஊத்தறவர், ஓசூர்ல முந்நூறு டிடிஎஸ் தண்ணி ஊத்தற மச்சானோட மெஷின் மாதிரி என்து ஏன் ஓடலன்னு கேக்கறதுல அர்த்தமில்ல.

சூடும் முக்கியம். தண்ணி ஒரு டிகிரி கொறஞ்சா வர்ற அளவு சுமார் 3 சதவீதம் கொறையும். மார்கழி, தை மாசம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காலையில தண்ணி 15 டிகிரிக்கு எறங்கிடுச்சுன்னா அதே மெம்ப்ரேன் முப்பது சதவீதம் கம்மியாதான் குடுக்கும், இதுக்காக சர்வீஸ்காரரக் கூப்பிட்டு மெம்ப்ரேன் மாத்திட்டு அப்புறம் வருத்தப்பட்டவங்க இருக்காங்க. அந்த மாசத்துல மத்தியானமா ஓட்டுங்க.

எங்க ஊருக்கு ஆர்ஓ வேணுமா வேணாமா? வேணாம்னும் சொல்றாங்களே?

டிடிஎஸ் 500க்கு கீழ இருந்தா ஆர்ஓ தேவையில்லைன்னு பொதுவா சொல்றது சரிதான். 2019 மே மாசம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 500க்கு கீழ இருக்கற எடத்துல ஆர்ஓ கூடாது, மத்த எடத்துலயும் 60 சதவீதத்துக்கு மேல நல்ல தண்ணி வர்ற மாதிரி மெஷின் இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. தண்ணி வீணாகறத நெனச்சா நியாயமான உத்தரவு.

ஆனா நம்ம பக்கம் பிரச்சனையே டிடிஎஸ் இல்லீங்க, ஃப்ளோரைடு. பாறையில இருந்து ஊறி வர்றது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஊருங்கள்ல பெரியவங்க பல்லப் பாத்தாலே தெரியும், மஞ்சளும் பழுப்புமா கோடு கோடா இருக்கும், தேய்ச்சாலும் போகாது. அது பல்லு வெளக்காததால வந்தது கெடையாது. ரொம்ப நாள் குடிச்சா எலும்பு, மூட்டு வரைக்கும் போகும். இதுக்காகத்தான் 2008ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடன் உதவியோட 1,928 கோடி ரூபா செலவுல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013ல வந்துச்சு, அந்தத் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால வர்ற பல்லு, எலும்பு நோய்) பாதிப்புக் குறைப்புன்னு இருக்கும்.

இந்திய தர அளவுப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 1.5. இந்த அளவ டிடிஎஸ் மீட்டர் காட்டாது. 400 டிடிஎஸ் தண்ணியில ஃப்ளோரைடு 2 இருக்கலாம், 1200 டிடிஎஸ் தண்ணியில அரைதான் இருக்கலாம். நாக்குக்கும் தெரியாது. அதனால மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் ஆர்ஓ வேணுமான்னு யோசிங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட பரிசோதனைக்கூடம் தருமபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் இருக்கு. கழுவின பிளாஸ்டிக் பாட்டில்ல, மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினப்புறம் வர்ற தண்ணிய புடிச்சுட்டுப் போங்க. ஃப்ளோரைடு, மொத்த கடினத்தன்மை, டிடிஎஸ், நைட்ரேட், இரும்பு, இது அஞ்சையும் கேட்டு வாங்குங்க. மெஷினுக்கு போடற காசுல இது ஒண்ணுமே இல்ல.

கொதிக்க வெச்சு ஆற வெச்சா போதாதா? யூவி மெஷின் போதாதா?

கிருமிக்குப் போதும். ஃப்ளோரைடுக்கு ஆகாது. கொதிக்க வெச்சா ஆவியாகறது தண்ணிதான், ஃப்ளோரைடு அப்படியே அடியில நிக்கும், இன்னும் கெட்டியாகும். யூவி (கிருமியக் கொல்ற புற ஊதா வெளிச்சம்), யூஎஃப் (நுண்ணிய வடிகட்டி) ரெண்டும் இதைத் தொடவே தொடாது.

சர்வீஸ்காரர் "தண்ணி ரொம்ப சப்புன்னு இருக்கும், கொஞ்சம் தொறந்து விடறேன்"னு டிடிஎஸ் கன்ட்ரோலர திருப்பி விட்டார். சரியா?

இந்தப் பக்கத்துல நீங்க ஒண்ணே ஒண்ணு படிக்கறதா இருந்தா இதைப் படிங்க.

டிடிஎஸ் கன்ட்ரோலர்னா உள்ள இருக்கற ஒரு சின்ன திருகு வால்வு. அதைத் தொறந்தா மெம்ப்ரேனுக்குள்ள போகாம வெறும் வடிகட்டி தாண்டின பச்சைத் தண்ணி நேரா நல்ல தண்ணியோட வந்து கலக்கும். தண்ணி சீக்கிரம் ரொம்பும், வேஸ்ட் கம்மியான மாதிரி தெரியும், டேஸ்ட்டும் நல்லா இருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். சர்வீஸ்காரர் நல்லா பண்ணிட்டாருன்னு பேரும் வாங்கிடுவாரு.

இப்ப கணக்குப் போட்டுப் பாப்போம். உங்க போர்ல டிடிஎஸ் 1200, ஃப்ளோரைடு 3 இருக்கு. மெம்ப்ரேன் தாண்டி வர்ற தண்ணியில டிடிஎஸ் 60, ஃப்ளோரைடு 0.3னு வைங்க. கன்ட்ரோலர தொறந்து பத்துல மூணு பங்கு பச்சைத் தண்ணி கலந்தா டிடிஎஸ் 400 பக்கம் வரும். மீட்டர வெச்சுக் காட்டி "பாருங்க 500க்கு கீழதான் இருக்கு"ன்னு சொல்வாங்க. ஆனா ஃப்ளோரைடு 1.1 ஆயிடுச்சு. போர்ல 4 இருந்தா கலந்தது கிட்டத்தட்ட ஒன்றரை. எதுக்காக இத்தனை ஆயிரம் குடுத்து மெஷின் மாட்டினமோ, எதுக்காக மூணு பங்கு தண்ணிய வெளிய விடறமோ, அந்தக் காரியமே கெட்டுப்போச்சு.

அதனால ஃப்ளோரைடு இருக்கற ஊர்ல கன்ட்ரோலர முழுசா மூடி வைங்க. சில மெஷின்ல திருகு இருக்காது, டி கனெக்டர் போட்டு யூஎஃப் வழியா ஒரு லைன் தனியா வந்து சேரும், அதையும் அடைக்கச் சொல்லுங்க. பிடிவாதமா சொல்லுங்க, "டேஸ்ட் எனக்குப் பழகிடும், மூடிட்டுப் போங்க"ன்னு. மூடினப்புறம் மொதல்ல சொன்ன பாட்டில் கணக்க திரும்ப எடுங்க, உங்க மெம்ப்ரேனோட உண்மையான நம்பர் அப்பதான் வரும். மூடறதுக்கு முன்னாடி 15 லிட்டர் வந்தது மூடினப்புறம் 9 ஆச்சுன்னா அந்த 6 லிட்டர் வடிகட்டாத போர் தண்ணி.

எட்டு வயசுக்கு கீழ கொழந்தைங்க இருக்கற வீடா இருந்தா இன்னும் கண்டிப்பா பாருங்க, நிரந்தரப் பல்லு உள்ள உருவாகற வயசு அது, அப்ப போற ஃப்ளோரைடுதான் பல்லுல கறையா வருது. குடிக்க மட்டும் இல்ல, சோறு, களி, கொழம்பு, டீ எல்லாத்துக்கும் இதே தண்ணிதான். உலையில வெச்ச போர் தண்ணி சோத்துக்குள்ளதான போகுது. நாலு பேர் இருக்கற வீட்டுக்கு குடிக்க, சமைக்க 20, 25 லிட்டர் ஆகும், மணிக்கு 12 லிட்டர் வர்ற மெஷின்ல ரெண்டு மணி நேரம்.

மினரல் எல்லாம் போயிடுதாமே, எலும்பு வீக்காயிடாதா?

சுண்ணாம்புச் சத்து தண்ணியில இருந்துதான் வரணும்னு இல்ல. நம்ம ஊர்ல களி தின்னறோம். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அதோட பாலு, மோரு, கீரை. இதுக்காக ஃப்ளோரைடு தண்ணிய கலந்து குடிக்க வேண்டியதில்லை.

வேஸ்ட்ட கொறைக்க எஃப்ஆர் மாத்தலாம்னு யூட்யூப்ல காட்டறாங்க, பண்ணலாமா?

எஃப்ஆர்ங்கறது வேஸ்ட் ட்யூப்ல இருக்கற விரல் நீளத்து சாமான், மேல 300, 450, 550ன்னு ஏதாவது எழுதியிருக்கும். நிமிஷத்துக்கு அத்தனை மில்லி வேஸ்ட் விடும்னு அர்த்தம். அதுதான் தண்ணிய இறுக்கிப் புடிச்சு மெம்ப்ரேனுக்குள்ள அழுத்தம் ஏத்துது. 450 எடுத்துட்டு 300 போட்டா வேஸ்ட் கொறையும், நல்ல தண்ணியும் கொஞ்சம் கூடும். உண்மைதான்.

ஆனா உள்ள நடக்கறதையும் பாக்கணும். 25 சதவீதம் எடுத்தா வேஸ்ட் தண்ணி ஒண்ணே கால் மடங்குக்கு சித்த மேல கெட்டியாகும். பாதிக்குப் பாதி எடுத்தா ரெண்டு மடங்கு. முக்கால்வாசி எடுத்தா நாலு மடங்கு. நம்ம தண்ணியில கடினத்தன்மை 500, 600 எல்லாம் சாதாரணம், அது ரெண்டு மடங்கானா வெந்நீர் போடற அண்டாவுல படியற வெள்ளைப் படிவு இருக்கே, அதே சுண்ணாம்பு மெம்ப்ரேன் மடிப்புக்குள்ள படியும். அப்படிச் செத்துப்போன மெம்ப்ரேன கையில வாங்கிப் பாருங்க, புதுசவிட நல்லாவே வெயிட்டா இருக்கும், வெட்டிப் பிரிச்சா தாள் மேல விரல்ல நறநறன்னு ஒட்டும்.

என் அபிப்பிராயம்: டிடிஎஸ் 1000க்கு மேல, கடினத்தன்மையும் அதிகம்னா 25, 30 சதவீதத்தோட நிறுத்திக்குங்க, எஃப்ஆர தொடாதீங்க. டிடிஎஸ் 500 பக்கம், கடினத்தன்மை 200 பக்கம்னா சுண்ணாம்பு படியாம தடுக்கற ஆன்ட்டி ஸ்கேலன்ட் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு முன்னாடி போட்டுட்டு ஒரு படி கம்மி எஃப்ஆர் போடலாம், 40 சதவீதம் வரைக்கும் போகலாம். வேஸ்ட் ட்யூப கிளிப் போட்டு நெறிக்கறது, எஃப்ஆருக்கு பதிலா சாதா வால்வு வெச்சு திருகறதெல்லாம் வேணாம், ஒரு நாள் கை தவறி முழுசா மூடிட்டா பம்ப்பும் மெம்ப்ரேனும் ஒண்ணா போகும். வேஸ்ட்டுல இன்னொரு மெம்ப்ரேன் மாட்டி திரும்ப வடிகட்டலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, லேசான தண்ணிக்கு நடக்கும், நம்ம போர் தண்ணிக்கு ரெண்டாவது மெம்ப்ரேன் சீக்கிரமே அடைச்சுக்கும்.

இன்னொண்ணு. நீங்க எதுவுமே பண்ணாம வேஸ்ட் தானா கொறஞ்சுதுன்னா சந்தோஷப்படாதீங்க, எஃப்ஆர் உள்ள சுண்ணாம்பு அடைச்சிட்டு இருக்கு. உடனே புதுசு மாத்துங்க, சின்ன சாமான்தான், விலையும் கம்மி.

மெஷின ஆஃப் பண்ணினப்புறமும் வேஸ்ட் ட்யூப்ல தண்ணி வந்துட்டே இருக்கு.

இதுதான் பல வீட்டுல பெரிய வீண். வேஸ்ட்டு அதிகமாகுதுன்னு மெம்ப்ரேனத் திட்டறோம், ஆனா தண்ணி ராத்திரி பூரா போறது வேற வழியில. மெஷின் நின்னா உள்ள வர்ற தண்ணிய மூடறது எஸ்வி, அதாவது சோலினாய்டு வால்வு. அதுக்குள்ள துளி மண்ணு சிக்கினாலோ ரப்பர் தேஞ்சாலோ மூடாது, மேல் டேங்க்ல இருந்து தண்ணி எறங்கி நேரா வேஸ்ட்டுக்குப் போயிட்டே இருக்கும். படுக்கப் போகும்போது சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வேஸ்ட் ட்யூப ஒரு பாத்திரத்துல விட்டு வைங்க, காலையில பாருங்க. கொஞ்சம் சொட்டி நின்னிருந்தா சரி. பாத்திரம் ரொம்பி வழிஞ்சிருந்தா எஸ்வி மாத்துங்க. மாத்தற வரைக்கும் இன்லெட் வால்வ கையால மூடி வைங்க.

ஆஃப் பண்ணாம மெஷின் தானா நிக்கவே மாட்டேங்குதுன்னா அது ஃப்ளோட் சுவிட்ச் கோளாறு. டேங்க் ரொம்பியும் பம்ப் ஓடிட்டே இருக்கும்.

நல்ல தண்ணியும் கம்மி, வேஸ்ட்டும் கம்மி. எங்க பாக்கணும்?

ரெண்டும் கம்மின்னா தண்ணி உள்ள வர்றதே கம்மின்னு அர்த்தம், மெம்ப்ரேன் மேல பழி போடாதீங்க. வெளிய மாட்டியிருக்கற வெள்ளை பவுல்ல கேண்டில் (மண்ணு, அழுக்க வடிகட்டற ஃபில்டர்) செம்மண் கலர்ல இருக்கான்னு பாருங்க. அதை எடுத்துட்டு கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்தா ஓட்டம் கூடுதான்னு தெரிஞ்சிடும், டெஸ்ட்டுக்கு மட்டும்தான், அப்படியே விட்டுடாதீங்க. அடுத்து மேல் டேங்க் உயரம். பத்து அடி உயரத்துக்கு நாலு பிஎஸ்ஐ சில்லறைதான் கெடைக்கும், மெஷினுக்கு குறைஞ்சது அவ்ளோவாவது வேணும். டேங்க் இருக்கற மாடியிலயே சமையல்கட்டும் இருந்தா அந்த அழுத்தம் வராது, பம்ப் காத்தக் குடிச்சு கரகரன்னு சத்தம் போடும். ஸ்டேண்டு போட்டு டேங்க்க ஏத்துங்க, இல்ல மெஷின கீழ் மாடியில வைங்க.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது பம்ப்புக்கு கரண்ட் குடுக்கற அடாப்டர். 24 வோல்ட் குடுக்க வேண்டிய அடாப்டர் பழசாகி 18, 19தான் குடுக்கும், பம்ப் ஓடற சத்தம் வரும் ஆனா அழுத்தம் ஏறாது. பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, சும்மா இருக்கும்போது பாத்தா 24 சரியாதான் காட்டும். பம்ப் போச்சுன்னு புது பம்ப் மாத்திட்டு, அப்புறமும் சரியாகாம அடாப்டர மாத்தின வீடுங்க நெறைய.

நல்ல தண்ணி கம்மி, வேஸ்ட் மட்டும் ஜோரா போகுது, டிடிஎஸ் சரியா இருக்கு: மெம்ப்ரேன் அடைச்சிருக்கு, இல்ல எஃப்ஆர் பழுது, இல்ல பம்ப் வீக். நல்ல தண்ணி திடீர்னு அதிகமாகி டிடிஎஸ்ஸும் ஏறிடுச்சு: மெம்ப்ரேன் கிழிஞ்சிருக்கு, இல்ல ஓ ரிங் (மெம்ப்ரேன்ல இருக்கற ரப்பர் வளையம்) விலகியிருக்கு.

ஃபில்டர எப்ப எப்ப மாத்தணும்? வருசத்துக்கு ஒரு தடவை போதுமா?

காலண்டரப் பாத்து மாத்தறதவிட தண்ணியப் பாத்து மாத்துங்க. வெளி கேண்டில் மழைக்காலத்துல மூணு மாசம்கூட தாங்காது, நூறு, நூத்தம்பது ரூபா சாமான் அது, கஞ்சத்தனம் பண்ணவே கூடாத எடம். கார்பன் ஃபில்டர் வேற விஷயம், அது அழுக்கானது கண்ணுக்குத் தெரியாது. ஒகேனக்கல் தண்ணியோ பஞ்சாயத்து தண்ணியோ மெஷினுக்குப் போகுதுன்னா அதுல குளோரின் போட்டிருப்பாங்க, குளோரின் மெம்ப்ரேனோட மேல் தோல தின்னுடும், அதைத் தடுக்கறது கார்பன் மட்டும்தான். குளோரின் தண்ணிக்கு ஆறு மாசத்துல கார்பன மாத்திடுங்க. வெறும் போர் தண்ணின்னா வருசம் தாங்கும்.

மெம்ப்ரேன் ஒரு வருசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும், தண்ணியப் பொறுத்து. மாத்த வேண்டியது எப்பன்னா, உள்ள போறது 1000, வர்றது 50னு இருந்தது 150 தாண்டிடுச்சுன்னா, இல்ல மத்த எல்லாம் சரியா இருந்தும் வர்ற அளவு பாதியாயிடுச்சுன்னா. புதுசு போடும்போது சீல் பிரிக்காத பாக்கெட்ட உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, போட்டப்புறம் மொதல் ரெண்டு டேங்க் தண்ணிய குடிக்காதீங்க.

மெம்ப்ரேன ஆசிட்ல கழுவித் தர்றேங்கறாங்களே?

பாத்ரூம் கழுவற ஆசிட்னா விடவே விடாதீங்க. சிட்ரிக் ஆசிட் கரைசல்னா, சுண்ணாம்பு இப்பதான் படிய ஆரம்பிச்சு ஓட்டம் பத்து பதினஞ்சு சதவீதம் கொறஞ்ச நேரத்துல கொஞ்சம் பலன் இருக்கும். பாதியா கொறஞ்சப்புறம் கழுவறது காசுக்கு கேடு.

வெயில் காலத்துல மேல் டேங்க் தண்ணி கொதிக்குது, மெஷினுக்கு ஆகுமா?

சித்திரை வெயில்ல ரெண்டு மணிக்கு கருப்பு டேங்க்ல இருந்து வர்ற தண்ணியில கைய வைக்க முடியாது. மெம்ப்ரேன் தாங்கறது 45 டிகிரி வரைக்கும். சூடான தண்ணியில அளவு அதிகமா வரும்தான், ஆனா உப்பும் கூடக் கொஞ்சம் தாண்டி வரும். வெயில் மாசத்துல விடியக்காலையில ஓட்டுங்க, டேங்க் மேல ஒரு கூரையோ ஓலையோ போட்டு வைங்க.

அரை டம்ளர் எடுக்க எடுக்க மெஷின் ஆன் ஆகி ஆஃப் ஆகறதும் நல்லதில்ல. மெஷின் சும்மா நிக்கும்போது உப்பு மெதுவா மெம்ப்ரேன் தாண்டி நல்ல தண்ணிப் பக்கம் வந்து நிக்கும், ஓட ஆரம்பிச்சதும் மொதல்ல வர்றது அதுதான். காலையில ஒரே மூச்சா ரெண்டு மணி நேரம் ஓட்டி எவர்சில்வர் குடத்துல புடிச்சு மூடி வெச்சுக்கறதுதான் சிறந்தது.

ஒகேனக்கல் தண்ணியும் போர் தண்ணியும் ஒரே சம்ப்லதான் விழுது. பரவால்லயா?

எனக்கு மனசு கேக்காத விஷயம் இது. காவேரியில இருந்து அத்தனை தூரம் பம்ப் பண்ணி, சுத்திகரிச்சு, ஃப்ளோரைடு இல்லாத தண்ணிய வாசலுக்குக் கொண்டாந்து விடறாங்க, நாம அதை 1200 டிடிஎஸ் போர் தண்ணியில ஊத்திக் கலக்கிட்டு, திரும்ப அதை ஆர்ஓ போட்டுப் பிரிச்சு முக்கால்வாசிய வெளிய விடறோம். ஒகேனக்கல் தண்ணிக்கு தனியா ஒரு டிரம் வைங்க, 200 லிட்டர் போதும். வாரத்துல ரெண்டு தடவை வந்தாக்கூட குடிக்கவும் சமைக்கவும் பெரும்பகுதி ஓடிடும். அதுக்கு ஆர்ஓ வேண்டாம், காய்ச்சினாலோ யூவி போட்டாலோ போதும். தண்ணி வராத நாளைக்கு மட்டும் ஆர்ஓ ஓட்டுங்க. மெஷின்ல என்ன திருகினாலும் இந்த அளவுக்கு வேஸ்ட் கொறையாது.

மொட்டை மாடி மழைத் தண்ணிய புடிச்சு வெச்சிருக்கறவங்களும் அப்படித்தான், ஃப்ளோரைடே இல்லாத தண்ணி. மொதல் மழைய விட்டுட்டு புடிங்க.

வேஸ்ட் தண்ணிய என்ன பண்றது? மாட்டுக்கு வைக்கலாமா, சம்ப்லயே திருப்பி விடலாமா?

சம்ப்ல விடாதீங்க, நாளுக்கு நாள் உப்பு ஏறிட்டே போய் மெம்ப்ரேனத்தான் அடிக்கும். மாட்டுக்கும் வேணாம். போர்ல ஃப்ளோரைடு 2 இருந்தா வேஸ்ட்ல அது ரெண்டே முக்கால் ஆயிருக்கும், மாட்டுக்கும் பல்லு, எலும்பு பாதிக்கும். வீடு தொடைக்க, கக்கூஸுக்கு ஊத்த, பாத்திரத்த மொதல் அலசு அலச, வாசல் தெளிக்க தாராளமா ஆகும். துணிக்கு சோப்பு நுரைக்காது. தென்னைக்கு விடலாம், தொட்டிச் செடிக்கு தொடர்ந்து ஊத்தினா மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்து செடி கருகும்.

கேன் தண்ணி வாங்கிட்டா இந்த தொல்லையே இல்லையே?

அதுவும் இங்க எங்கயோ ஒரு போர்ல எடுத்து ஆர்ஓ போட்டதுதான். வாங்கறதுன்னா ஒரு தடவை அதையும் ஃப்ளோரைடு டெஸ்ட்டுக்குக் குடுங்க.

பத்து நாள் ஊருக்குப் போறோம், மெஷின என்ன பண்ணணும்?

டேங்க காலி பண்ணுங்க, சுவிட்ச ஆஃப் பண்ணி இன்லெட் வால்வ மூடுங்க. திரும்பி வந்ததும் டேங்க் உள்பக்கத்த சுத்தமான துணியால தொடைங்க, குழாய் வாய்க்குள்ள விரல விட்டுப் பாருங்க, வழவழன்னு பாசி மாதிரி இருக்கும், அதையும் தேய்ச்சு எடுங்க. அரை மணி நேரம் ஓட்டி வர்ற தண்ணிய கீழ விட்டுட்டு, மீட்டர்ல பழைய நம்பர் வந்தப்புறம் குடிக்கப் புடிங்க.